சர்க்கஸ் கூடாரமும் 14 விதிகளும்

கோவையில் நாங்கள் ஆறு பேர் வேலை பார்த்த அறையில், ஜன்னலுக்கும் பீரோவுக்கும் நடுவே இருந்த சுவரில், அமெரிக்காவின் லாக்ஹீட் நிறுவனத்தில் ஸ்கங்க் ஒர்க்ஸ் என்ற சிறு விமானப் பட்டறையை நடத்திய பொறியாளர் கெல்லி ஜான்சனின் 14 விதிகளை அச்செடுத்து ஒட்டியிருந்தோம். விவசாயக் கிணற்று மோட்டாரை வீட்டிலிருந்தபடியே செல்போனில் ஓட்டி நிறுத்த உதவும் ஸ்டார்ட்டர் பெட்டி ஒன்றைச் செய்துகொண்டிருந்த காலம் அது. "இதை எங்கேயாவது எழுதிவைக்க வேண்டாமா?" என்று யாராவது கேட்டால், மற்றவர்கள் ஐந்தாம் விதியைச் சுட்டிக்காட்டிச் சிரிப்போம். அறிக்கைகள் குறைந்தபட்ச எண்ணிக்கையில்தான் இருக்க வேண்டும் என்கிறது அந்த விதி. அதே மூச்சில் இன்னொன்றும் சொல்கிறது: முக்கியமான வேலை ஒவ்வொன்றும் முழுமையாகப் பதிவாகியிருக்க வேண்டும். அந்த இரண்டாம் பாதியும் எங்கள் தாளில் அச்சாகித்தான் இருந்தது. முதல் மழைக்காலத்துக்குப் பிறகு பெட்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரத் தொடங்கியபோதுதான் அது என் கண்ணில் பட்டது.

புதுப் பொருள் செய்யும் சிறு குழுக்கள் எப்படி வேலை செய்ய வேண்டும் என்று பேச்செடுத்தாலே இந்த 14 விதிகள் வந்துவிடும். ஆட்களைக் குறை, மேலிடத் தலையீட்டை ஒழி, காகிதத்தைக் குறை, வேகமாகச் செய். நினைவில் நிற்பது இவ்வளவுதான். அந்த விதிகளை உருவாக்கிய பட்டறையின் கதையோடு சேர்த்து அவற்றைத் திரும்பப் படித்தால் வேறொன்று தெரிகிறது. ஏறக்குறைய ஒவ்வொரு விதியிலும் ஒரு கை சுதந்திரம் கொடுக்கிறது, மறு கை கணக்குக் கேட்கிறது. நாங்கள் கொடுக்கிற கையை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

143 நாள்

1943-ல் கலிஃபோர்னியாவின் பர்பேங்க் நகரில் இருந்த லாக்ஹீட் விமானத் தொழிற்சாலை போர்க்கால உற்பத்தியில் மூச்சுமுட்டிக்கொண்டிருந்தது. ஜெர்மனி ஜெட் போர் விமானம் ஒன்றைத் தயார் செய்கிறது என்ற தகவல் வந்திருந்தது. அமெரிக்காவின் கையிலிருந்த பெல் பி-59 ஜெட் விமானமோ, நல்ல புரொப்பெல்லர் விமானங்களை விஞ்சும் வேகம்கூட இல்லாதது. பிரிட்டனின் டி ஹாவிலண்ட் ஜெட் எஞ்சினை வைத்து ஒரு போர் விமானம் கட்ட முடியுமா என்று ராணுவம் கேட்டது. 180 நாளில் தருகிறோம் என்றார் 33 வயதான பொறியாளர் கெல்லி ஜான்சன்.

இடமும் இல்லை, ஆளும் இல்லை. காற்றுச் சுரங்கக் கட்டடத்தை ஒட்டி, எஞ்சின்கள் வந்திறங்கிய மரப்பெட்டிகளைப் பிரித்துச் சுவர் எழுப்பி, வாடகைக்கு எடுத்த சர்க்கஸ் கூடாரத்தைக் கூரையாகப் போட்டார்கள். பொறியாளர்கள் இருபது சொச்சம் பேர், பட்டறை ஆட்கள் நூறு சொச்சம் பேர். வாரத்தில் ஆறு நாள் வேலை, ஞாயிறு விடுமுறை. வரைபட மேசைக்கும் தகடு வெட்டும் இடத்துக்கும் சில அடி தூரம்தான். வரைந்தவர் எழுந்துபோய், துளை போடுகிறவரிடம் கேட்டுவிட்டு வந்து கோட்டை மாற்றலாம். மிக எளிய வரைபட முறை வேண்டும், மாற்றங்களுக்கு அதில் தாராளமாக இடம் இருக்க வேண்டும் என்று பின்னாளில் ஜான்சன் எழுதிய நான்காம் விதி இந்தச் சில அடி தூரத்திலிருந்து வந்தது.

பக்கத்து பிளாஸ்டிக் ஆலையிலிருந்து சகிக்க முடியாத நாற்றம். அப்போது நாளிதழ்களில் வந்துகொண்டிருந்த ஒரு சித்திரக்கதையில், செத்த ஸ்கங்க் விலங்குகளையும் பழைய செருப்புகளையும் போட்டுக் காய்ச்சும் ஒரு நாற்றப் பட்டறை உண்டு. ஒருநாள் தொலைபேசி அடித்தபோது இர்வ் கல்வர் என்ற பொறியாளர் அந்தப் பட்டறையின் பெயரைச் சொல்லி எடுத்துவிட்டார். பெயர் ஒட்டிக்கொண்டது. சித்திரக்கதைக்காரர்கள் ஆட்சேபித்ததால் பின்னால் ஓர் எழுத்தை மாற்றி ஸ்கங்க் ஒர்க்ஸ் ஆக்கினார்கள்.

ஜூன் 26-ல் தொடங்கிய வேலை நவம்பர் 16-ல் முடிந்தது. 143 நாள். சிறு குழுவின் பெருமை பேசுகிற எல்லோரும் இந்த எண்ணைச் சொல்வார்கள். பிறகு நடந்ததைச் சொல்பவர்கள் குறைவு. விமானத்தை ஒப்படைத்த கையோடு, பறக்கவிடும் முன்பு தரையில் எஞ்சினை ஓட்டிப் பார்த்தார்கள். காற்று உள்ளே போகும் குழாய்கள் உறிஞ்சு விசை தாங்காமல் நசுங்கின. எஞ்சின் போயிற்று. மாற்று எஞ்சினுக்கு டி ஹாவிலண்ட் தன் சொந்த முன்மாதிரி விமானத்துக்கு வைத்திருந்ததைக் கழற்றி அட்லாண்டிக் கடலைத் தாண்டி அனுப்ப வேண்டியிருந்தது. மைலோ பர்ச்சம் அந்த விமானத்தை மியூராக் வறண்ட ஏரிப்படுகையில் முதன்முதலாகப் பறக்கவிட்டது 1944 ஜனவரி 8-ல். ஜூன் 26-லிருந்து கணக்கிட்டால் 196-ஆம் நாள்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. 196 நாளும் பிரமிக்க வைக்கிற வேகம்தான், விமானமும் மணிக்கு 500 மைலைத் தாண்டியது. ஆனால் ஒரு குழு தன் வேகத்தை எந்தப் புள்ளியில் அளக்கிறது என்பது முக்கியம். பொருள் கையை விட்டுப் போன நாளிலா, அது வேலை செய்த நாளிலா? எங்கள் ஸ்டார்ட்டர் பெட்டியை "நான்கு மாதத்தில் முடித்தோம்" என்று நான் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். கடைக்குப் போனது நான்கு மாதத்தில். ஒரு மழைக்காலத்தைத் தாண்டியது ஒன்றரை ஆண்டில்.

அந்த விமானத்தின் வரலாற்றில் இதைவிடக் கனமான ஒன்று உண்டு. முதலில் பறக்கவிட்ட அதே பர்ச்சம் 1944 அக்டோபர் 20-ல் அதே வகையின் அடுத்த மாதிரி ஒன்றில் எரிபொருள் பம்பு செயலிழந்து இறந்தார். அவசரத்துக்கென்று மாற்றுப் பம்பு ஒன்று புதிதாகப் பொருத்தப்பட்டிருந்தது. அது இருப்பதை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. விமானத்தை அவரைவிட அறிந்தவர் உலகில் இல்லை என்று எல்லோரும் நினைத்திருக்கக்கூடும். சிறு குழுவில் இது எனக்கு மிகவும் பழக்கப்பட்ட ஆபத்து. எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருப்பதால் எல்லோருக்கும் எல்லாம் தெரியும் என்ற நினைப்பு தானாக வந்துவிடுகிறது. செவ்வாய்க்கிழமை செய்த மாற்றத்தை, செவ்வாய்க்கிழமை விடுப்பில் இருந்தவர் எப்படி அறிவார்?

வீட்டுக்கு வந்த காசோலை

விதிகளை வரிசையாகப் படித்துக்கொண்டே போனால், அவற்றில் பாதிக்கு மேல் குழுவுக்கு எழுதப்பட்டவையே அல்ல என்பது புரியும். பணம் கொடுக்கிறவருக்கு எழுதப்பட்டவை. வாங்கும் தரப்பிலும் அலுவலகம் சிறியதாக இருக்க வேண்டும். பணம் உரிய நேரத்தில் வர வேண்டும். சின்னப் பாகங்களைச் சோதிக்கும் பொறுப்பைச் செய்து தருகிறவரிடமே விட வேண்டும், ஒரே சோதனையை இரண்டு பேர் செய்யக் கூடாது. இறுதிப் பொருளைப் பறக்கவிட்டுப் பார்க்கும் உரிமை கட்டியவருக்கு வேண்டும். இரு தரப்புக்கும் இடையே நம்பிக்கை வேண்டும், நாள்தோறும் பேச வேண்டும், கடிதப் போக்குவரத்து குறைய வேண்டும். மூன்றாவது விதி, வேலையோடு தொடர்புள்ள ஆட்களின் எண்ணிக்கையைக் கிட்டத்தட்ட ஈவிரக்கமில்லாமல் குறைக்கச் சொல்கிறதே, அதுவும் வாங்குபவரின் ஆட்களையும் சேர்த்துத்தான்.

இது எப்படி நடந்தது என்பதற்கு யூ-2 நல்ல சாட்சி. எழுபதாயிரம் அடி உயரத்தில் பறந்து சோவியத் ஒன்றியத்தைப் படம் பிடிக்கும் விமானம். ஜான்சன் 1954-ல் இதைத் தன் திட்டமாக விமானப்படையிடம் கொண்டுபோனபோது வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள். சி.ஐ.ஏ. எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டு நவம்பரில் அதிபர் ஐசனோவர் ஒப்புதல் கொடுத்தார். சி.ஐ.ஏ. தரப்பில் பொறுப்பாளர் ரிச்சர்ட் பிஸ்ஸெல். முறையான ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே வேலை ஓடிக்கொண்டிருந்தது, லாக்ஹீடுக்குப் பணமும் தேவைப்பட்டது. 1955 பிப்ரவரியில் பன்னிரண்டரை லட்சம் டாலருக்கு மேற்பட்ட தொகைக்கு ஒரு காசோலை எழுதி, ஜான்சனின் வீட்டு முகவரிக்குத் தபாலில் அனுப்பினார்கள். மார்ச்சில்தான் ஒப்பந்தம்: 20 விமானங்கள், 22.5 மில்லியன் டாலர். ரகசியம் காக்கத்தான் இந்த ஏற்பாடு. என்றாலும், பணம் உரிய நேரத்தில் வர வேண்டும் என்ற 11-ஆம் விதிக்கு இதைவிட நேரடியான செயல்முறை விளக்கம் கிடையாது.

மறு கை என்ன கேட்டது? முதல் விமானம் எட்டு மாதத்தில். செலவு சொன்னதற்கு உள்ளே. இரண்டும் நடந்தன. 1955 ஆகஸ்ட் 1 அன்று நெவாடாவின் க்ரூம் ஏரிப்படுகையில் டோனி லெவியர் விமானத்தைத் தரையில் வேகமாக ஓட்டிப் பார்க்க மட்டுமே ஏறினார். அந்த நீண்ட இறக்கைகள் அவர் அறியாமலே விமானத்தைத் தரையிலிருந்து தூக்கிவிட்டன. இறக்கும்போது டயர் வெடித்து பிரேக்கில் தீப்பிடித்தது. முறையான சோதனைப் பறத்தல் சில நாள் கழித்துத்தான். ஒப்பந்தம் முடிந்தபோது ஒப்புக்கொண்ட தொகையில் மிச்சம் இருந்தது.

பத்தாவது விதிதான் எனக்கு ஆகப் பிடித்தது. யாரும் மேற்கோள் காட்டாத விதியும் அதுதான். பொருளின் தன்மைகள் ஒப்பந்தத்துக்கு முன்பே பேசி முடிவாக வேண்டும். எந்தெந்த ராணுவ விதிமுறைகளைத் தெரிந்தே மீறப் போகிறோம், ஏன் மீறப் போகிறோம் என்பதையும் அப்போதே எழுதிச் சொல்லிவிட வேண்டும். யூ-2 மிக மெலிந்த உடம்புக்காரன். ஒரு போர் விமானம் தாங்க வேண்டிய சுமையை அதன் சட்டகம் தாங்காது. ஜான்சன் முதல் திட்டத்திலேயே புவியீர்ப்பைப் போல இரண்டரை மடங்கு விசைக்கு மட்டும் கணக்கிட்டு, எடையைக் குறைத்து, அதை உயரமாக மாற்றினார். வாங்குபவருக்கு இது முன்கூட்டியே தெரியும். செய்ய மாட்டோம் என்பதைப் பட்டியல் போட்டு வாடிக்கையாளர் கையில் கொடுக்கும் துணிச்சல் எத்தனை குழுக்களுக்கு இருக்கிறது? நாங்கள் எங்கள் விளம்பரத் தாளில் "எல்லாக் காலநிலைக்கும் ஏற்றது" என்று போட்டிருந்தோம். அந்த வரியை எழுதியவன் நான்.

கோடைப் பலகை, குளிர்காலப் பலகை

யூ-2-க்கு அடுத்தது ஏ-12. ஒலியைப் போல மூன்று மடங்கு வேகம், அதனால் உடம்பு முழுவதும் கொதிக்கும் சூடு. அலுமினியம் தாங்காது. டைட்டேனியத்தில் ஒரு முழு விமானத்தை அதுவரை யாரும் கட்டியதில்லை. அந்த உலோகத்தின் குணங்களை ஒவ்வொரு அடியாகப் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். சூடேற்றிப் பார்த்தபோது சில போல்ட்டுகளின் தலை தானாகக் கழன்று விழுந்தது. தேடினால், முறுக்கிய ஸ்பேனர்களில் காட்மியம் முலாம். முலாமின் துளி ஒட்டினாலே சூட்டில் டைட்டேனியம் நொறுங்கியது. கருவிப் பெட்டிகளிலிருந்து காட்மியம் முலாம் பூசிய ஸ்பேனர்களைப் பொறுக்கி வெளியே எறிந்தார்கள்.

அடுத்தது இன்னும் விசித்திரம். புள்ளி வெல்டிங் செய்த இறக்கைப் பலகைகளில் சில சோதனையில் சீக்கிரமே உடைந்தன, சில எவ்வளவு சோதித்தாலும் தாங்கின. அதே உலோகம், அதே எந்திரம், அதே ஆட்கள். பதிவேடுகளைப் புரட்டியபோது ஓர் ஒழுங்கு தெரிந்தது: உடைந்தவை கோடையில் செய்தவை, தாங்கியவை குளிர்காலத்தில் செய்தவை. பலகைகளைக் கழுவப் பயன்படுத்தியது பர்பேங்க் நகராட்சிக் குழாய்த் தண்ணீர். கோடையில் பாசி பிடிக்காமல் இருக்க நகராட்சி அதில் குளோரினைக் கூட்டிக் கலந்துவந்தது. குளோரின் டைட்டேனியத்துக்கு விஷம். காய்ச்சி வடித்த நீருக்கு மாறினார்கள். சிக்கல் தீர்ந்தது.

இதில் எனக்குப் பிடித்தது குளோரினைக் கண்டுபிடித்த சாமர்த்தியம் அல்ல. எந்தப் பலகை எந்த மாதத்தில் செய்யப்பட்டது என்று அவர்களால் சொல்ல முடிந்ததே, அதுதான். அந்தக் குடும்பத்து விமானங்களுக்காகச் செய்த ஒரு கோடியே 30 லட்சம் டைட்டேனியப் பாகங்களில், தொடக்கத்தில் செய்த சிலவற்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும், ஆலையில் உலோகத்தை எந்த வார்ப்பில் ஊற்றினார்கள் என்பது வரை பின்தொடர முடியும் என்று ஜான்சன் பின்னாளில் சொன்னார். கடைசி ஒரு கோடிப் பாகங்களுக்குத் தகட்டின் இழை எந்தத் திசையில் ஓடுகிறது என்பதுகூடப் பதிவில் இருந்தது. "அறிக்கையே வேண்டாம்" என்று நாங்கள் கொண்டாடிய மனிதரின் பட்டறை இது.

எங்கள் கதைக்கு வருகிறேன். அந்த ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை. அது விட்டதும் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் அழைத்தார். "தம்பி, மழை நின்ற அன்றைக்கே உங்கள் பெட்டியும் நின்றுவிட்டது" என்றார். அப்புறம் உடுமலை, அப்புறம் அன்னூர். திரும்பி வந்த பெட்டிகளைத் திறந்தால், உள்ளிருந்த மின்சுற்றுப் போர்டுகளின் மேலே பூசிய வார்னிஷ் சிலவற்றில் உரிந்து பச்சை படிந்திருந்தது. சிலவற்றில் பூசிய அன்றைக்கு இருந்த மினுமினுப்பு அப்படியே இருந்தது. ஆக, ஏதோ ஒரு வாரத்தில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. வார்னிஷ் வாங்கிய கடையை இடையில் ஒருமுறை மாற்றினோம், பூசிய பையனும் ஒருமுறை மாறினான், அடுப்பில் காயவைக்கும் நேரத்தைக் குறைத்தோம் என்றும் ஒருவருக்கு ஞாபகம். எந்த மாற்றம் எந்தத் தேதியில் வந்தது, எந்தப் பெட்டி எந்த வாரத்துப் பெட்டி என்பது ஒன்றும் எழுதப்படவில்லை. பெட்டியின் மேல் வரிசை எண் இருந்தது. அந்த எண்ணை வைத்துத் தேடிப் பார்க்க ஒரு நோட்டுப் புத்தகம்கூட எங்களிடம் இல்லை. விற்ற அத்தனை பெட்டிகளையும் திருப்பி வாங்கி, அத்தனைக்கும் புதிதாகப் பூசினோம். எது காரணம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

எங்கே எடுபடவில்லை

இந்த விதிகளை வைத்திருந்தும் ஸ்கங்க் ஒர்க்ஸ் சறுக்கியது உண்டு. ஏ-12 ஏறக்குறைய ஓராண்டு தாமதமாக, 1962 ஏப்ரலில்தான் பறந்தது, செலவும் எகிறியது. டைட்டேனியத்தின் விலையையும் வேலையையும் யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதால், செலவை மறுபடி மதிப்பிட ஒப்பந்தத்திலேயே இடம் விட்டிருந்தார்கள். அதற்கும் மோசமானது டி-21 என்ற ஆளில்லா உளவு விமானம். அதை ஏ-12-ன் மாற்று வடிவம் ஒன்றின் முதுகில் ஏற்றி, மூன்று மடங்கு ஒலிவேகத்தில் விடுவிக்க முயன்றார்கள். 1966 ஜூலை 30 அன்று விடுவித்தபோது தாய் விமானத்தின் மேலேயே மோதியது. பைலட் பில் பார்க் தப்பினார். பின்னால் இருந்த ரே டோரிக் கடலில் விழுந்து மூழ்கி இறந்தார். இந்த முறையே வேண்டாம் என்று நிறுத்தச் சொன்னவர் ஜான்சன். பிறகு பி-52 குண்டுவீச்சு விமானத்திலிருந்து விட்டுப் பார்த்தார்கள். 1969 முதல் 1971 வரை சீனாவின் மேல் நான்கு முறை அனுப்பியதில் ஒரு படமும் கைக்கு வரவில்லை. குழு சிறியது, ஆட்கள் கெட்டிக்காரர்கள், நம்பிக்கை இருந்தது. பொருளுக்குள் இருந்த கஷ்டத்தை அவை குறைத்துவிடவில்லை.

நிறுத்துவது பற்றி இன்னொரு கதையும் உண்டு. 1950-களின் நடுவில் திரவ ஹைட்ரஜனில் ஓடும் உளவு விமானம் ஒன்றுக்கு, சன்டேன் என்ற மறைபெயரில், விமானப்படை தாராளமாகப் பணம் கொடுத்தது. வேலை நடக்க நடக்க, எதிர்பார்த்த தூரம் இதில் ஒருபோதும் வராது என்பது ஜான்சனுக்குத் தெளிவாயிற்று. ஹைட்ரஜன் அவ்வளவு இடத்தை அடைக்கும். இன்னும் கொஞ்சம் பணம், இன்னும் கொஞ்சம் காலம் என்று கேட்டிருக்கலாம், கொடுத்திருப்பார்கள். அவரே போய்த் திட்டத்தைக் கைவிடச் சொன்னார். மாதாமாதம் செலவைப் பரிசீலிக்கச் சொல்லும் ஆறாம் விதி, செலவழித்ததை மட்டும் பார்க்கச் சொல்லவில்லை, முடியும் வரை எவ்வளவு ஆகும் என்ற கணக்கையும் சேர்த்துத்தான் பார்க்கச் சொல்கிறது. செலவானதைப் பார்ப்பது தணிக்கையாளர் வேலை, எங்கள் ஆடிட்டரே அதைச் செய்தார். மிச்ச வழியைக் கணக்குப் பார்ப்பதற்குத்தான் வயிற்றைக் கலக்கும்.

13-ஆம் விதியைப் பற்றி ஒரு வார்த்தை. வெளியாட்களை உள்ளே விடாதே என்பது அது. உளவு விமானத்துக்குச் சரி. கிணற்று மோட்டார் செய்கிறவர்கள் அதைச் சுவரில் ஒட்டியிருக்கவே கூடாது. ஒரே ஒரு விவசாயியை முதல் மாதமே அறைக்குள் கூட்டி வந்திருந்தால், மழைக்குப் பிறகு ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் தவளை இருக்கும் என்று அவர் சொல்லியிருப்பார். அது எங்களுக்கு இரண்டாம் மழையில் தெரிந்தது.

1975-ல் ஜான்சன் ஓய்வு பெற்றார், பொறுப்பு பென் ரிச் கைக்கு வந்தது. ரேடாரில் சிக்காத விமானம் என்ற யோசனை அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது. டெனிஸ் ஓவர்ஹோல்சர் என்ற கணிதக்காரர், சோவியத் இயற்பியலாளர் பியோத்தர் உஃபிம்ட்சேவின் ஆய்வை அடிப்படையாக வைத்து, தட்டைப் பலகைகளை ஒட்டிச் செய்ததுபோல ஒரு வடிவத்தைக் கணக்கிட்டுக் கொடுத்திருந்தார். ஆலோசகராக வந்துபோய்க்கொண்டிருந்த ஜான்சனுக்கு அந்த வடிவத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. தன் பழைய டி-21 விமானமே இதைவிட ரேடாரில் குறைவாகத் தெரியும் என்று ரிச்சிடம் 25 சென்ட் பந்தயம் கட்டினார். இரண்டின் மாதிரிகளையும் வைத்து அளந்தார்கள். ஜான்சன் தோற்றார். நாணயத்தை ரிச்சிடம் எறிந்துவிட்டு, அது பறப்பதைப் பார்க்கும் வரை இதைச் செலவழிக்காதே என்றார் என்று ரிச் பிற்பாடு எழுதினார்.

ஹேவ் ப்ளூ என்று பெயரிட்ட அந்த விமானம் 1977 டிசம்பர் 1 அன்று க்ரூம் ஏரிப்படுகையிலிருந்து எழும்பியது. ஜான்சனும் வந்திருந்தார்.